சிகிச்சை மஹரகமவில், பயிற்சி மன்னாரில்: தொலைபேசியில் வழிநடத்துவது எப்படி

மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று மன்னாருக்கோ முல்லைத்தீவுக்கோ திரும்பும் ஒருவரிடம் ஊரில் எல்லோரும் சொல்வது, "இனி நல்லா ஓய்வெடுங்கோ" என்பதுதான். அன்போடு சொல்லும் அந்தச் சொல்லே பலரைக் கட்டிலில் முடக்கிவிடுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் களைப்பு படுத்துறங்கித் தீர்வதில்லை என்பதும், அளவான உடற்பயிற்சி அதைக் குறைக்கும் என்பதும் இன்று நன்கு உறுதிப்பட்டவை. கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே ஊரிலுள்ள தாய்க்கோ பெரியப்பாவுக்கோ அந்தப் பயிற்சியைச் செய்விக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வேலை, அவர் பஸ் ஏறுவதற்கு முன்னரே தொடங்குகிறது. கடைசிக் கிளினிக் நாளில் வைத்தியரிடம், நோய் எலும்புக்குப் பரவியுள்ளதா, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் போதிய அளவில் உள்ளனவா, இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து ஏற்றப்பட்டதா என்று கேட்டு, விடைகளைக் கிளினிக் கொப்பியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எலும்புக்குப் பரவியிருந்தால் பாரம் தூக்குவதையும் முதுகை முறுக்குவதையும் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) அனுமதிக்காமல் தொடங்கவே கூடாது. அதே நாளில் இயன்மருத்துவர் முன்னிலையில் ஓர் அளவும் எடுத்துவிடுங்கள்: கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 செக்கனில் கதிரையிலிருந்து எத்தனை தடவை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்பதே அது. ஊரில் மறுபடி அளக்கும்போது கதிரையின் உயரம் மாறக் கூடாது. உயரம் மாறினால் கணக்கும் மாறிவிடும்.

என் சித்திக்கு மார்பக அறுவைச் சிகிச்சை முடிந்தபின், முதல் வாரம் முழுவதும் வீடியோ அழைப்பில் நான் கண்டது பெரும்பாலும் கூரைத் தகட்டைத்தான். தொலைபேசியைப் பிடித்திருந்த பேரனுக்குச் சித்தியின் தோளைவிடக் கூரை பிடித்திருந்தது போலும். அதன்பின் படத்தை விட்டு அளவைப் பிடித்தோம். காயம் ஆறி, கையைத் தோளுக்கு மேலே உயர்த்தலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகு, சித்தி சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மேலே ஏறுவார். நடுவிரல் எட்டிய இடத்தில் பேரன் வெண்கட்டியால் கோடிடுவான். தரையிலிருந்து அந்தக் கோடு எத்தனை சென்ரிமீற்றர் என்று ஞாயிறுதோறும் கேட்டால் போதும், கவரேஜ் குறைந்த இடத்திலும் வேலை நடக்கும்.

நடை மிக முக்கியம். களைப்பைக் குறைப்பதற்கு, மிதமான வேகத்தில் வாரம் 3 நாள், ஒவ்வொன்றும் 30 நிமிடம், குறைந்தது 8 முதல் 12 வாரங்கள் தொடர வேண்டும் என்பது 2019 இல் வெளியான சர்வதேசப் பரிந்துரை. தொடக்கத்தில் 5 நிமிடமே முடிந்தாலும் பரவாயில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுவே சரியான வேகம். மன்னார் வெயிலில் காலை 7 மணிக்கு முன்னரே முடித்துவிடுவது நல்லது. சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போகும். அப்படிப்பட்டவர் வெறுங்காலுடன் சுடுமணலில் நடந்தால் காயம் பட்டதே தெரியாது, ஆகவே பின்வார் உள்ள செருப்பு அணிய வேண்டும், வீடு திரும்பியதும் உள்ளங்காலை யாராவது பார்க்க வேண்டும்.

தசைப் பயிற்சி வாரம் 2 நாள் போதும். தண்ணீர் நிரப்பிய அரை லீற்றர் போத்தல் ஏறத்தாழ அரைக் கிலோ, அதுவே தொடக்கப் பாரம். கக்கத்து நிணநீர்க் கணுக்களை அகற்றியவர், கை வீங்கிவிடும் என்பதால், அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்ற பழைய எச்சரிக்கை இன்னும் ஊரில் உலாவுகிறது. ஆனால் கை வீக்கமுள்ள பெண்களிடத்திலும், கண்காணிப்புடன் படிப்படியாகப் பாரம் கூட்டுவது வீக்கத்தை மோசமாக்கவில்லை என்று 2009 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. வளையல் வழமையைவிட இறுகினால் மட்டும் பாரத்தை நிறுத்திவிட்டு இயன்மருத்துவருக்கு அறிவியுங்கள்.

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தாடை மெல்ல இறுகிக்கொண்டு வரலாம், வெற்றிலை போடும் நம் ஊர்களில் இது அரிதன்று. இயன்மருத்துவர் காட்டிய வாய் திறக்கும் பயிற்சியைச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எத்தனை சுத்தமான ஐஸ்கிரீம் குச்சிகள் பற்களுக்கிடையே நுழைகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸை எட்டினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, எலும்பில் புதிதாக வலி கண்டாலோ பயிற்சியை நிறுத்தி அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சு வலியோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் உடனே 1990 ஐ அழையுங்கள், அந்த அம்பியுலன்ஸ் இலவசம்.

வாராந்த அழைப்பில் "செய்தீங்களா?" என்று கேட்காதீர்கள். "செய்தனான் பிள்ளை" என்ற பதில்தான் எப்போதும் வரும். "எத்தனை?" என்று கேட்டு, கொப்பியைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். கீமோ ஏற்றிய வாரத்தில் எண்கள் குறையலாம், அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். இயன்மருத்துவர் கதிரைக் கணக்கை மீண்டும் எடுத்து, அடுத்த மாதத்துக்கான அளவை அதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்.