தீயணைப்பு, ஆம்புலன்ஸ் சேவைக்கான சொத்து வரி: வாஷிங்டன் மாநிலத்தில் வீடு வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறை மாநில அரசினுடையது. 108-ஐ அழைக்கும் எவரும் தம் வீட்டு வரியை நினைத்துப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், குறிப்பாகப் பெருநகரங்களுக்கு வெளியே, நிலைமை வேறு. அங்கே தீயணைப்பு மாவட்டம் என்பது தனி உள்ளாட்சி அமைப்பு. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர்கள் உண்டு, வருமானத்தில் பெரும்பகுதி அப்பகுதி வீடுகளின் சொத்து வரி. இது தெரியாமலே பல ஆண்டுகள் வாழ முடியும். வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்களின் வரியை, மாதத் தவணையோடு வரிக்கெனப் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து வங்கியே கட்டிவிடுவதால், பலர் வரிச் சீட்டைப் பிரித்தே பார்த்ததில்லை. பள்ளி, நூலகம், தீயணைப்பு, அவசர மருத்துவம் எனத் தனித்தனி வரிகளாக அதில் இருப்பதை ஒருமுறையாவது கவுண்டி (மாநிலத்தின் நிர்வாகப் பிரிவு) வரி மதிப்பீட்டாளரின் இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது.

அடிக்கடி காணும் தவறு, வீட்டின் மதிப்பு 10% ஏறினால் தீயணைப்பு மாவட்டத்துக்கும் 10% கூடுதலாகப் பணம் போகிறது என்று எண்ணுவது. உண்மையில் புதிய கட்டடங்களால் வரும் தொகை நீங்கலாக, மாவட்டம் வசூலிக்கும் மொத்தத் தொகை ஆண்டுக்கு 1% அளவுக்குத்தான் கூடலாம். 2001-ல் வாக்காளர்கள் ஏற்ற இந்த வரம்பை 2007-ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டே சட்டமன்றம் அதை மீண்டும் சட்டமாக்கியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாவட்டத்தின் மொத்தச் சொத்து மதிப்பு 400 கோடி டாலர், வரி விகிதம் 1,000 டாலர் மதிப்புக்கு 1.50 டாலர் என்றால், வசூல் 60 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு எல்லா வீடுகளின் மதிப்பும் 10% ஏறினாலும் வசூல் 60.6 லட்சம்தான், ஆகவே விகிதம் ஏறத்தாழ 1.38 டாலராக இறங்கிவிடும். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு 1,200 டாலர் கட்டியவர், அதே வீடு 8.8 லட்சமான பிறகு 1,212 டாலர் கட்டுவார். வீட்டு விலையை மட்டும் பார்த்துக் கோபப்படுபவர்கள் இந்த 12 டாலரைப் பார்ப்பதில்லை.

இப்படி இறங்கிய விகிதத்தை மீண்டும் உயர்த்த மக்களிடம் அனுமதி கேட்பதையே ‘லெவி லிட் லிஃப்ட்’ என்கிறார்கள். வாக்குச் சீட்டில் 1.50 டாலர் என்றிருப்பதைப் பழைய வரிக்கு மேல் இன்னொரு 1.50 என்று வாசிப்பது இரண்டாவது தவறு. அது மொத்த விகிதம். நம் கணக்கின்படி கூடுவது 12 சென்டுக்குச் சற்று அதிகம், 8.8 லட்சம் வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 108 டாலர். அது அதிகமா குறைவா என்பது அவரவர் முடிவு. ஆனால் 1,320 டாலர் புதிதாகச் சுமத்தப்படுவதாக அஞ்சி முடிவெடுப்பது சரியல்ல.

தீயணைப்பு வரியையும் அவசர மருத்துவ வரியையும் ஒன்றெனக் கொள்வதுதான் இருப்பதிலேயே விளைவு மிகுந்த குழப்பம். அவசர மருத்துவ வரி தனியானது. 1,000 டாலருக்கு 50 சென்ட் வரை விதிக்கலாம். 6 ஆண்டு, 10 ஆண்டு, நிரந்தரம் என மூன்று வகை உண்டு. முதன்முறை நிறைவேற 60% ஆதரவு வேண்டும். லிட் லிஃப்ட் தோற்றால் பழைய தொகை 1% உயர்வோடு தொடரும். காலவரம்புள்ள அவசர மருத்துவ வரி புதுப்பிக்கப்படாமல் தோற்றால், அந்த வருமானம் முழுதும் நின்றுபோகும். இரண்டுக்கும் ‘வேண்டாம்’ என்ற ஒரே கட்டம்தான், விளைவு ஒன்றல்ல.

“தீ எங்கே பிடிக்கிறது, இத்தனை பேர் எதற்கு?” என்று கேட்பதுண்டு. இன்று பெரும்பாலான அழைப்புகள் மருத்துவம் சார்ந்தவை. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தாலும் வண்டியின் ஒரே ஓர் இருக்கையை எந்நேரமும் நிரப்ப மூன்றரை ஆள் தேவை. விடுப்பையும் பயிற்சியையும் சேர்த்தால் நான்கைத் தாண்டும்.

வரி கட்டுவதால் ஆம்புலன்ஸ் பயணம் இலவசம் என்றும் எண்ண வேண்டாம். சில மாவட்டங்கள் காப்பீட்டுக்குக் கட்டணச் சீட்டு அனுப்பும், சில அனுப்பா. 61 வயது நிறைந்து வருமான வரம்புக்குள் இருப்போருக்கான சொத்து வரிச் சலுகையும் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெற்றோரின் வயதைக் காட்டி இதைக் கேட்க முடியாது. வீடு விண்ணப்பிப்பவருக்கே உரியதாகவும் அவர் வசிப்பதாகவும் இருக்க வேண்டும்.

குடியுரிமை இல்லாததால் வாக்களிக்க முடியாதவர்கள், தமக்கு இதில் பேச இடமில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆணையர் கூட்டங்கள் பொதுக் கூட்டங்கள். அங்கே போய் அமர்வதற்குக் குடியுரிமை தேவையில்லை. அடுத்த ஆண்டுக்கான வரித் தொகை நவம்பர் இறுதிக்குள் முடிவாகிவிடுவதால், வரவுசெலவுத் திட்டம் பேசப்படும் இலையுதிர்காலக் கூட்டங்களுக்குப் போவதே பயன் தரும்.