சாமந்தி நுனித்தண்டு வேர்விட

தாய்ச்செடி மொட்டு வைக்காத, வளரும் பருவத்தில் இருக்க வேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள். மொட்டு கட்டிய நுனி வேர்விட்டாலும் செடியாகப் பெருகாமல் குட்டையாகவே பூத்துவிடும். இரவு நீளும் மாதங்களில் தாய்ச்செடிக்கு நள்ளிரவையொட்டி மூன்று, நான்கு மணி நேரம் விளக்கு எரியவிட்டால் மொட்டு தள்ளிப்போகும்.

காலையில் 5 முதல் 7 செ.மீ. நுனியை, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வளைத்தால் சட்டென ஒடியும் இளந்தண்டே சரி. நார் பாய்ந்தது வேண்டாம். கீழிலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

வேர்விடத் தூண்டும் ஹார்மோனான ஐ.பி.ஏ. தூள் தண்ணீரில் எளிதில் கரையாது. 100 மி.கி. தூளை 50 மி.லி. எத்தனாலில் கரைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) கரைசல் கிடைக்கும். தேவையானதைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, அடி 1 செ.மீ. மட்டும் 5 நொடி நனையுங்கள். மிச்சத்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்ற வேண்டாம். ஒரு தண்டின் அழுகல் எல்லாவற்றுக்கும் பரவும். ஐ.பி.ஏ. அளவு கூடினால் அடி கருகும்.

ஊன்றும் ஊடகத்துக்கு, உப்பு போகக் கழுவிய தென்னைநார்க் கழிவும் பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல்துகள்) சரிபாதி. பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வடியும் ஈரம் போதும். குழித்தட்டில் 2 செ.மீ. ஆழம் ஊன்றி, 50 சதவீத நிழல்வலைக்குள் வைத்து இலைக்குப் பனிபோல் நீர் தெளியுங்கள். அடித்தண்டு கறுத்துக் குழைந்தால் ஊடகத்தில் ஈரம் மிகுதி. அந்தக் குழியையே அகற்றுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் வேர்விட்டிருக்கும். மெல்ல இழுத்துப் பார்த்தால் வராமல் பிடித்துக்கொள்ளும்.