மாரிகன் ஏன் முன்னால் ஓடிப்போய்ச் சாகிறாள்? டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸில் குழுவை நிறுத்தும் முறை

பயோவேரின் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் என்ற வீடியோ கேம் 2009-இல் வந்தது. இன்றைக்குப் புதிதாக ஆரம்பிப்பவர்களும் முதலில் சொல்லும் குறை ஒன்றுதான்: நாம் ஒரு பக்கம் சண்டை போட, கூட வரும் மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் ஓடுகிறார்கள். எல்லா விளையாட்டுகளையும் விட எனக்கு ரொம்பப் பிடித்தது இது. அந்தக் கோபத்தில் யாரும் பாதியிலேயே விட்டுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கூட வருபவர்கள் தாங்களாக என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் டாக்டிக்ஸ் திரையைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு நிபந்தனை, அதற்கு ஒரு செயல். ஆட்டம் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதைச் செய்துவிட்டு மறுபடியும் மேலே போய்விடும். அதனால் எந்த வரி மேலே இருக்கிறது என்பதுதான் எல்லாமே. 'எதிரி யாராவது: தாக்கு' என்பதை உச்சியில் வைத்தால் அதற்குக் கீழே எழுதிய எதற்கும் வேலையே வராது.

குணப்படுத்தும் மேஜ் (மந்திரவாதி) வின். என் வின்னுக்கு முதல் வரி, குழுவில் யாருடைய உயிராவது 50 சதவீதத்துக்குக் கீழே போனால் ஹீல், அதாவது குணமாக்கும் மந்திரம். அடுத்தது, தன் மானா (மந்திரம் போடும் சக்தி) 25 சதவீதத்துக்குக் கீழே போனால் அதை நிரப்பும் லிரியம் மருந்து. தாக்குதல் கடைசியில்தான். முன்னால் நின்று அடி வாங்கும் வீரன் அலிஸ்டருக்கு முதல் வேலை, எதிரிகளின் கவனத்தைத் தன் மேல் இழுக்கும் த்ரெட்டனைப் போட்டு வைப்பது. இரண்டு எதிரிகள் சூழ்ந்தால், அவர்களைச் சீண்டித் தன் பக்கம் திருப்பும் டான்ட். அதன் கீழே நான் எப்போதும் விடாமல் வைக்கும் வரி: 'வின்னை அடிக்கும் எதிரி: தாக்கு'. ஹீலர் மேல் ஒருவன் பாய்ந்தால் அலிஸ்டர் தானாகத் திரும்பி வருவான். வில்லாளி லெலியானாவுக்கு 'அலிஸ்டர் அடிக்கும் எதிரி: தாக்கு' போதும். எல்லா அம்பும் ஒரே ஆள் மேல் விழும்போது சண்டை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று பாருங்கள்!

இன்னொரு மேஜான மாரிகனின் ஃபயர்பாலை (வெடித்துச் சுற்றியிருப்போரையும் எரிக்கும் நெருப்புப் பந்து) மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள். எதிரிகள் கும்பலாக நிற்கிறார்களா என்று பார்க்கும் நிபந்தனை உண்டு. ஆனால் நடுவில் நம் ஆள் நிற்கும்போது அதை நம்பி இருக்க முடியாது. ஈஸி என்ற எளிதான நிலையில் நம்மவர்களுக்கு அடி விழாது. மிகக் கடினமான நைட்மேரில் முழுசாக விழும். ஸ்பேஸ் பட்டனைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தி, நீங்களே குறி பார்த்துப் போடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் கையில் எடுத்து ஆட்டும் ஆளுக்கு டாக்டிக்ஸ் ஓடாது. வின்னை நீங்களே வைத்திருந்தால் ஹீல் போடுவதும் உங்கள் பொறுப்பு.

பட்டியலுக்குப் பக்கத்திலேயே நடத்தையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. மேஜுக்கும் வில்லாளிக்கும் 'ரேஞ்ச்டு' (தூரத்தில் நின்று தாக்குவது) வையுங்கள். மாரிகன் முன்னால் ஓடுவதைத் தடுக்கத்தான் இது. அக்ரெஸிவ் என்பது அலிஸ்டர், ஸ்டென் மாதிரி முன்னால் நிற்பவர்களுக்குத்தான்.

இனி நிற்கும் இடம். எதிரிகள் இருக்கும் அறைக்குள் நான்கு பேரும் சேர்ந்து நுழையக் கூடாது. கதவுக்கு இந்தப் பக்கமே எல்லோருக்கும் ஹோல்டு பொசிஷன் (நின்ற இடத்திலேயே நில் என்ற கட்டளை) கொடுங்கள். மேஜ்களையும் வில்லாளியையும் கதவுக்கு நேராக நிறுத்தாமல் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்துங்கள். உள்ளேயிருந்து வரும் அம்புகள் நேராகத்தான் வரும். அலிஸ்டரை மட்டும் உள்ளே அனுப்பி, எதிரிகள் பார்த்ததும் வாசலுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். துரத்தி வருபவர்கள் வாசலில் நெருக்கியடித்து நிற்பார்கள். கூம்பு வடிவில் பாய்ந்து உறைய வைக்கும் கோன் ஆஃப் கோல்டு மந்திரத்துக்கு இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. அலிஸ்டர் அந்தக் கூம்புக்குள் சிக்காதபடி பக்கவாட்டிலிருந்து போடுங்கள், இல்லையென்றால் அவனும் உறைந்து நிற்பான். ஹோல்டை எடுக்காமல் அடுத்த அறைக்குக் கிளம்பினால் நீங்கள் மட்டும் தனியாகப் போவீர்கள், அதையும் கவனியுங்கள்.

டிராகனுடன் மோதும்போது இந்த வாசல் வித்தை செல்லாது. முன்னால் நெருப்பு, பின்னால் உதை. அலிஸ்டரை முகத்துக்கு நேராக வைத்துவிட்டு, மற்ற மூவரையும் இரண்டு பக்கமும் தூரமாகப் பிரித்து நிறுத்தி ஹோல்டு போடுங்கள். அது இடம் மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்பேஸ் தட்டி, ஒவ்வொருவரையும் கையால் நகர்த்துங்கள்.