கூலிக் கொலைகாரர் இருவர், குதிரை இரண்டு: இருண்ட நகைச்சுவை வெஸ்டர்ன் எழுத

வெஸ்டர்ன் என்றால் அமெரிக்க கௌபாய் கதை. முதலில் கதை நடக்கும் ஆண்டை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். 1851, கலிஃபோர்னியா தங்க வேட்டை என்றால் இடுப்பில் கோல்ட் (Colt) கம்பெனியின் நேவி ரிவால்வர் இருக்கலாம், மருந்தும் குண்டும் ஒரே உறையில் அடைத்த உலோகத் தோட்டா கூடாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அந்தத் தோட்டா போடும் ரிவால்வரை விற்கத் தொடங்கியது 1857இல்தான். காமிக்ஸ் படித்து வளர்ந்த கை, தானாகவே இடுப்புப் பட்டையில் தோட்டாக்களைச் செருகும். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

நேவியை நிரப்புவது சமையல் மாதிரி. சுழலும் உருளையில் குண்டுக்கான ஆறு சிற்றறைகள். ஒவ்வொன்றின் முன்பக்கமாகவும் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் அழுத்த வேண்டும். குண்டு சிற்றறையைவிட மயிரிழை பெரிது. இறங்கும்போது ஓரம் சீவப்பட்டு மெல்லிய ஈய வளையம் உதிரும். மேலே கொஞ்சம் கொழுப்பு. பின்பக்கம் கேப், தீபாவளித் துப்பாக்கி கேப்புக்கு மூத்த பங்காளி. இப்படி ஆறு முறை. வெடித்த கேப்பின் துணுக்கு உள்ளே விழுந்தால் உருளை சுழலாது. மருந்து நமுத்தால் 'டிக்' மட்டும். கதவு மூடிய வீட்டுக்குள் மூன்று முறை சுட்டால் வெள்ளைப் புகையில் எதுவும் தெரியாது.

சிரிப்பு இங்கேதான் கிடக்கிறது.

"எத்தனை பேருடா?"
"புகை அடங்கட்டும்ணே, எண்ணிச் சொல்றேன்."

இதற்கு மேல் ஜோக் வேண்டாம். கொலைகாரர்களான அண்ணன் தம்பி இருவருக்கும் இது வேலை, அவ்வளவுதான். தாங்கள் வேடிக்கையானவர்கள் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டால் நாவல் படுத்துவிடும்.

பயணத்தைச் சுருக்காதீர்கள். உதாரணத்துக்கு, வடக்கே ஆரிகன் சிட்டியிலிருந்து கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ ஏறக்குறைய 1000 கிலோமீட்டர். குதிரை நாளுக்கு 40, 50 கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. ஆக மூன்று வாரத்துக்குக் குறையாது. அதற்குள் லாடம் கழலும், பல் வீங்கும், அண்ணன் தம்பி சண்டை வரும். கதையே அதுதான், கொலை இடையில் வருவது.

காசு விவரமும் உதவும். தங்கத்தூள் ஒரு சிட்டிகைக்கு ஒரு டாலர் என்று கணக்கு. சிட்டிகை எடுப்பவன் கடைக்காரன். அவன் விரல் பருமனை ஒரு வரி எழுதுங்கள்.

முதல் இரண்டு சாவுக்கு வாசகர் சிரிக்கலாம். மூன்றாமவனுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு பழக்கம் கொடுங்கள்: படுக்குமுன் கம்பளியை நாலாக மடித்து உதறுவான். அவன் செத்த இரவு, அந்தக் கம்பளியைத் தம்பி நாலாக மடித்து உதறட்டும். அண்ணன் பார்க்கட்டும். வசனம் வேண்டாம்.