பலாலி வழியாக யாழ்ப்பாணம் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை

கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் நள்ளிரவில் இறங்கி, பயணப்பொதிகளை வான் வண்டியின் கூரையில் கட்டி, வவுனியாவில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, ஏழு எட்டு மணித்தியாலம் கழித்து யாழ்ப்பாணம் சேர்வதே வெளிநாடுகளில் வாழும் நம்மில் பெரும்பாலோருக்குப் பழகிய வழி. வயதான பெற்றோருடனோ கைக்குழந்தையுடனோ செல்பவர்களுக்கு அந்த இரவுப் பயணம் விமானப் பயணத்தைவிடக் களைப்பானது. அதற்கு மாற்றாக இருப்பது பலாலியில் அமைந்துள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். சென்னையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலத்தில் அங்கே இறங்கிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு முன்னால் இந்தியாவில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே பயணம் இலகுவாவதும் சிக்கலாவதும் அமைகிறது.

இந்த ஓடுபாதை புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படை அமைத்தது. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதற் சேவையை இரத்மலானையிலிருந்து சென்னைக்கு நடத்தியபோது யாழ்ப்பாணம் வழியாகவே பறந்தது. பின்னர் போர் வந்தது. 1990 இல் பலாலி, மயிலிட்டி, வசாவிளான் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். விமான நிலையம் படையினரின் பாவனையில் இருந்தது. 2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டு, அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கி, கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. சேவை நாள்களும் நேரங்களும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், பழைய அட்டவணையை நம்பி நீண்டதூரப் பயணச்சீட்டை முதலில் வாங்கிவிடாதீர்கள். பலாலிக்கான விமானத்தை உறுதிசெய்துகொண்டு, அதற்கேற்ப லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ புறப்படும் நாளைத் தெரிவுசெய்வதே சரியான வரிசை.

அடுத்து வீசா. பலர் இலங்கை வீசாவை மட்டும் நினைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். நீங்கள் வாழும் நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரே பயணச்சீட்டாக இருந்து, பொதிகளும் நேரே பலாலி வரை பதியப்பட்டால், சென்னையில் இடைமாறும் பகுதியிலேயே இருந்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏறலாம். இரண்டு தனித்தனிச் சீட்டுகள் என்றால் கதை வேறு. அப்போது நீங்கள் குடிவரவுப் பகுதியைக் கடந்து, பொதிகளை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்து, மறுபடியும் பயணியாக உள்ளே போக வேண்டும். இதற்கு இந்திய வீசா கட்டாயம். அது இல்லாவிட்டால் சென்னை வரைகூடப் போகமுடியாது, புறப்படும் இடத்திலேயே விமானத்தில் ஏற்ற மறுத்துவிடுவார்கள்.

இந்திய மின்-வீசாவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 30 நாள் சுற்றுலா மின்-வீசாவில் இரண்டு தடவைகள் மட்டுமே உள்நுழையலாம், அந்த 30 நாளும் முதல்முறை இந்தியாவில் இறங்கிய நாளிலிருந்தே எண்ணப்படும். போகும்போது சென்னையில் இறங்குவது ஒரு நுழைவு, திரும்பும்போது இறங்குவது இன்னொரு நுழைவு. எனவே ஆறு கிழமை (வாரம்) ஊரில் நிற்கப் போகிறவருக்கு அந்த வீசா திரும்பும் நாளில் காலாவதியாகிவிட்டிருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஓராண்டு வீசாவை எடுப்பதே பாதுகாப்பு. கடவுச்சீட்டு எந்த நாட்டுக்குரியது என்பதைப் பொறுத்து விதிகள் வேறுபடும். இந்திய வீசாவாயினும் இலங்கை வீசாவாயினும் அரசின் உத்தியோகபூர்வ இணையத்தளத்திலேயே விண்ணப்பியுங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் தளங்கள் பல, அரசுத் தளம் போல வேடமிட்டு இரட்டிப்புக் கட்டணம் வாங்குபவை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருந்தால் இலங்கைக்குள் நுழைய வீசா தேவையில்லை.

பயணப்பொதியின் நிறைதான் இந்தப் பாதையில் அதிகம் பேரைக் கலங்கவைப்பது. பலாலிக்கு வருபவை ஏ.ரி.ஆர்-72 வகைச் சிறிய சுழல்விசிறி விமானங்கள். 70 முதல் 78 பேர் வரை அமரலாம். கனடாவிலிருந்து 23 கிலோவில் இரண்டு பெட்டி கொண்டுவர அனுமதித்த சீட்டின் சலுகை, தனியாக வாங்கிய இரண்டாவது சீட்டுக்குச் செல்லாது. அந்தச் சீட்டில் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு; கூடுதல் நிறையை இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் பொதுவாக விலை குறைவு. கைப்பையும் ஏழு கிலோவுக்குள் இருப்பது நல்லது, ஏனென்றால் இருக்கைக்கு மேலுள்ள தட்டு சிறியது. பெரிய விமானத்தில் தாராளமாக நுழைந்த சக்கரப்பெட்டி அங்கே நுழையாது. ஒருமுறை எங்கள் பெட்டிகளில் ஒன்று சென்னையிலேயே நின்றுவிட்டு மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. அன்றிலிருந்து மருந்து, ஒரு நாள் மாற்றுடை, பத்திரங்கள் மூன்றும் எங்கள் வீட்டில் கைப்பைக்குத்தான் போகின்றன.

சென்னையில் வெளியே வருபவர்கள் இந்தியச் சுங்க விதிகளுக்கும் உட்படுகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. கல்யாணத்துக்குப் போகிறோம் என்று நகைகளை நிறைய அணிந்து செல்பவர்கள் பற்றுச்சீட்டுகளின் பிரதியையும் கொண்டு செல்வதும், கேட்பதற்கு முன்பே தெரிவித்துவிடுவதும் தேவையற்ற நேரவிரயத்தைத் தவிர்க்கும். மின்-சிகரெட் 2019 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. இதைப் பெற்றோரைவிடப் பிள்ளைகளிடம் சொல்லிவைப்பது பயன் தரும். ட்ரோன் கருவியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், இரு நாடுகளிலும் அனுமதி இல்லாமல் அதற்கு வழியில்லை. இலங்கைக்குள் 15,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பணம் கொண்டு வந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

பலாலியில் இறங்கும்போது பெரிய விமான நிலையங்களின் கண்ணாடி நடைபாலத்தை எதிர்பார்க்க வேண்டாம். விமானத்தின் வாலருகே உள்ள ஒடுக்கமான படிகளில் இறங்கினால் நேரே வெயிலும் காற்றும் முகத்தில் அடிக்கும். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அந்தச் சில படிகளே பெரிய சோதனை; ஆகவே சக்கர நாற்காலி உதவியைப் பயணச்சீட்டு வாங்கும்போதே பதிந்துகொள்ளுங்கள், அங்கே போய்க் கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். முனையக் கட்டடம் சிறியது. குடிவரவும் சுங்கமும் அங்கேயே முடியும், தமிழிலேயே பேசலாம் என்பதும் பலருக்குப் பெரிய ஆறுதல். கடைகளையும் உணவகங்களையும் நம்பி வர வேண்டாம். பணம் மாற்றுவது, தொலைபேசி அட்டை வாங்குவது போன்றவற்றை யாழ் நகரிலோ சுன்னாகத்திலோ ஆறுதலாகச் செய்யலாம். கடவுச்சீட்டைக் காட்டினால் கடைகளிலேயே சிம் அட்டை தருவார்கள். முதல் நாள் வாகனச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் இலங்கை ரூபாய் கையில் இருக்கட்டும்.

விமான நிலையம் யாழ் நகருக்கு வடக்கே சுமார் 16 கிலோமீற்றர் தொலைவில், இராணுவ வளாகங்களுக்கு அருகில் உள்ளது. வீதியோரச் செம்மண் தோட்டங்களைப் பார்த்தவுடன் தொலைபேசியை எடுக்கக் கை துடிக்கும், ஆனால் முகாம்களையும் சோதனைச் சாவடிகளையும் படம் எடுக்கக்கூடாது. வசாவிளான் ஊடாகச் செல்லும் பலாலி வீதியின் மூடப்பட்டிருந்த பகுதி 2025 ஏப்ரலில் நிபந்தனைகளுடன் திறக்கப்பட்டது. எந்த வழியால் வருவது, எவ்விடத்தில் காத்திருப்பது என்பதை அழைக்க வரும் உறவினரோ ஓட்டோக்காரரோ அன்றைய நிலவரப்படி விசாரித்து வைத்திருப்பது நல்லது. முன்பதிவு இல்லாமல் வாசலில் வாகனம் பிடிக்கலாம் என்று எண்ணி இறங்குவது புத்திசாலித்தனம் அன்று.

காலத்தையும் கவனிக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பாடசாலை விடுமுறையுடன் சேர்ந்து வருவதால், சிறிய விமானத்தின் இருக்கைகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. மழை நாள்களில் தாமதமோ இரத்தோ நேர்ந்தால் சென்னையிலிருந்து நீண்டதூர விமானம் தவறிவிடும். திரும்பும் பயணத்தில் சென்னையிலோ திருச்சியிலோ ஓர் இரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள். அந்த இரவு வீண்செலவு போலத் தோன்றும். பெரிய விமானத்துக்குப் புதிதாகச் சீட்டு வாங்குவதோடு ஒப்பிட்டால் அது சின்னக் காசு.

ஊரிலிருந்து திரும்பிப் புறப்படும் நாளுக்கு முதல்நாள் இரவுதான் மாமிமாரும் சித்திமாரும் சரைகளோடு (பொட்டலங்களோடு) வருவார்கள். மிளகாய்த்தூள் கைப்பையில் போகாது, பதியும் பெட்டிக்குள்தான் போக வேண்டும். கருவாட்டை இரண்டு மூன்று பொலித்தீன் உறைகளில் காற்றுப் புகாமல் கட்டாவிட்டால் பெட்டியிலுள்ள சேலைகள் எல்லாம் மணக்கும். உலர்ந்த கொப்பறைத் தேங்காயை இந்தியப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பனங்கட்டியும் புழுக்கொடியலும் (அவித்து உலர்த்திய பனங்கிழங்கு) அந்தச் சோதனையில் தப்பினாலும், நீங்கள் போய் இறங்கும் நாட்டின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவுஸ்திரேலியா செல்பவர்கள் உணவுப்பொருள் ஒவ்வொன்றையும் அறிவிக்கவேண்டியிருக்கும். பழைய ஏட்டுச்சுவடி, சிலை போன்றவற்றை வெளியே கொண்டு செல்லத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஊருக்கு வரும்போதே பெட்டி நிறுக்கும் கைத்தராசு ஒன்றைக் கொண்டு வாருங்கள். மாமி கடைசியாகத் தரும் நல்லெண்ணெய்ப் போத்தலைக் கூடத்தில் வைத்தே நிறுத்துப் பார்த்து, எது போகும் எது நிற்கும் என்பதை அங்கேயே பேசி முடித்துவிடலாம்.