பெடல் மாற்றினால் வேகம் கூடுமா? ரோடு பைக்குக்குப் புதியவர்களுக்கு

"மூணு மாசமா ஓட்டுறேன்ணா, சராசரி வேகம் மணிக்கு 22 கி.மீ.லயே நிக்குது. கிளீட் பெடல் போட்டா 25 வந்துடுமா?" ஞாயிறு காலை சென்னை ஈசிஆர் டீக்கடையில் புதிதாக ஓட்ட வரும் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். கிளீட் என்பது ஷூவின் அடியில் திருகிவைக்கும் துண்டு; அது பெடலில் மாட்டிக்கொண்டு காலைப் பிடித்துவைக்கும். ஆனால் பெடலால் மட்டும் வேகம் வராது. முதலில் கால், பிறகு பெடல். இந்த வரிசையில் போனால் காசும் மிஞ்சும், முட்டியும் தப்பும்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. சமதளத்தில் வேகம் ஏற ஏற நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. அதற்கு வேண்டிய திறன் வேகத்தின் முப்படியாகக் கூடும். 22-லிருந்து 25-க்குப் போக, காற்றுக்கு மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உழைக்க வேண்டும். அந்த அளவு திறனை எந்தப் பெடலாலும் உண்டாக்க முடியாது.

அப்படியென்றால் கிளீட் எதற்கு? பனிச்சறுக்குக் காலணியைப் பலகையோடு பிணைக்கும் கருவி செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமான லுக், அதே யோசனையை 1984-ல் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அதுவரை பந்தய வீரர்கள் காலை வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் ஓட்டினார்கள். கிளீட்டின் உண்மையான பலன், வேகமாகச் சுற்றும்போதும் மழையிலும் எழுந்து நின்று மிதிக்கும்போதும் கால் நழுவாமல் ஒரே இடத்தில் நிற்பது. 'மேலே இழுக்கவும் செய்யலாம், அதனால் வேகம்' என்று பலர் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் சீரான வேகத்தில் ஓட்டவைத்து அளந்தபோது, வேண்டுமென்றே மேலே இழுத்து மிதித்தவர்கள் அதே வேலைக்குக் கூடுதல் ஆற்றலைச் செலவழித்தார்கள். கீழே அழுத்துவதில்தான் பலம். ஏறும் காலின் பாரம் இறங்கும் காலுக்குச் சுமையாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

படி 1: இன்றைய வேகத்தை அளங்கள்

கோவளத்துக்குத் தெற்கே சிக்னல் குறைந்த 5 கி.மீ. நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். போய்த் திரும்ப மொத்தம் 10 கி.மீ. ஆகும் நேரத்தைக் குறியுங்கள். அதே விடிகாலை நேரம், டயரில் அதே காற்றழுத்தம். கடல்காற்று பலமாக இருக்கும் நாளில் வேண்டாம். எதிர்காற்றில் இழந்ததைத் திரும்பும் வழி முழுதாக ஈடுகட்டாது.

படி 2: சீட் உயரம்

குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கும்போது கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். அதுதான் தொடக்க அளவு.

படி 3: பழைய பெடலிலேயே ஆறு வாரம்

செவ்வாய்: 15 நிமிடம் மெதுவாக ஓட்டி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு 4 நிமிடம் பலமாக, ஓரிரு சொல்லுக்கு மேல் பேச முடியாத அளவுக்கு. 3 நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு முறை. முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். நான்காவது சுற்றும் முதல் சுற்றின் வேகத்திலேயே வர வேண்டும்.

வியாழன்: ஒரு மணி நேரம், லேசான கியரில். பெடல் நிமிடத்துக்கு 85 முதல் 95 சுற்று சுற்ற வேண்டும். புதியவர்கள் கனமான கியரில் 60 சுற்றில் அரைத்துக்கொண்டிருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். தொடையும் முட்டியும் சீக்கிரம் சோர்வது அதனால்தான்.

ஞாயிறு: நீண்ட ஓட்டம், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிகிற வேகத்தில். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கூட்டத்தோடு போட்டிபோட்டு முட்டுக்காடு பாலம் வரை பறந்துவிட்டு, மாமல்லபுரம் போவதற்குள் துவண்டுவிடுகிறார்கள். தூரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு, ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

இடையிடையே முழங்கையை மடக்கி, கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்து ஓட்டிப் பழகுங்கள். காற்றில் படும் உடம்பு குறையும். காசில்லாமல் கிடைக்கும் வேகம் இது.

ஆறு வாரம் முடிந்ததும் அதே 10 கி.மீ.யை மறுபடி அளங்கள். இது உங்கள் கால் சம்பாதித்தது.

படி 4: இப்போது பெடல்

முதல் கிளீட் பெடலாக, கிளீட்டை ஷூவில் இரண்டு போல்ட்டால் மாட்டும் எஸ்பிடி வகையைத்தான் (ஷிமானோ நிறுவனத்தின் பெடல் வகை) நான் சொல்வேன். கிளீட் ஷூவின் அடிப்பாகத்துக்குள் பதிந்திருப்பதால் டீக்கடை வரை நடக்கலாம். மூன்று போல்ட் ரோடு வகையே வேண்டுமென்றால், ஷிமானோவில் மஞ்சள் கிளீட்டை எடுங்கள். பாதம் 6 டிகிரி அசைய இடம் தரும். நீலம் 2 டிகிரி; சிவப்பு அசையவே விடாது, தொடக்கத்தில் அது வேண்டாம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது மரை. இடது பெடலுக்கு எதிர்மரை. ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி முன்சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டு பக்கமும் இறுகும், பின்பக்கம் தள்ளினால் கழலும். மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டாதீர்கள். கிளீட்டை, பெருவிரலின் அடிமூட்டு பெடல் அச்சுக்கு மேலாகவோ சற்று முன்னாலோ வருமாறு வையுங்கள். கிளீட்டைப் பெடல் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதை மாற்றும் திருகை நன்றாகத் தளர்த்திவிடுங்கள்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றும் பழக்கம், ஒவ்வொரு காலுக்கும் ஐம்பது முறை. நான் இதைச் செய்யாமல் ரோட்டுக்குப் போய், முதல் நாளே சிக்னலில் காலை எடுக்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தேன். பின்னால் வந்த பேருந்து நின்றதால் பிழைத்தேன். சிக்னலுக்கு முப்பது மீட்டர் முன்பே ஒரு காலைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டு வாரம் ஓட்டியபின் மூன்றாவது முறை அளங்கள். 10 கி.மீ. நேரம் பெரிதாக மாறியிருக்காது. பாலத்து ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போதும் 95 சுற்றிலும் கால் உறுதியாக நிற்பதில் வித்தியாசம் தெரியும். முட்டியில் வலி தட்டினால் அன்றே நிறுத்தி, கிளீட்டின் கோணத்தை மிகச் சிறிதளவு மாற்றிப் பாருங்கள். முதல் 50 கி.மீ.க்குப் பிறகு கிளீட் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள்; புதிதில் அவை தளரும்.