கண்ணால பாத்தியா? இணையத்தில் எழுதத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

மேட்டூர் அணை திறந்த ஒரு ஜூன் மாத இரவில் உட்கார்ந்து என் முதல் இணையக் கட்டுரையை எழுதினேன். காவிரித் தாய் பொங்கி வருகிறாள், டெல்டா வாய்க்கால்களில் தண்ணீர் பாய்கிறது, உழவர் மனம் குளிர்கிறது என்று ஆயிரம் சொல். திருத்துறைப்பூண்டிப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் விவசாயம் பார்க்கும் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் காலையில் போன் வந்தது.

"நல்லாத்தான்ப்பா எழுதியிருக்க. நம்ம வாய்க்கால்ல தண்ணி ஓடுதுன்னு போட்டிருக்கியே, கண்ணால பாத்தியா? இங்க வாய்க்காலுக்குள்ள ஆடு மேஞ்சுகிட்டு நிக்குது."

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து கிளை பிரிந்து கடைமடைக்கு வந்து சேர இன்னும் பல நாள். டெல்டாவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் எழுத உட்கார்ந்ததும் தெரிந்ததை விட்டுவிட்டு, எங்கோ படித்த வரிகளையே எழுதியிருக்கிறேன். அன்றைக்கே அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் பிடிபட்ட முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

"எனக்கென்று ஒரு தனி நடை எப்படி வரும்?" என்று புதிதாக எழுதுகிறவர்கள் கேட்கிறார்கள். நடையைப் பற்றி இப்போதைக்கு யோசிக்காதீர்கள். நீங்கள் நின்ற இடத்தில் வேறு யாரும் நின்றிருக்க மாட்டார்கள். அங்கிருந்து பார்த்ததை அப்படியே எழுதினால் முதல் தனித்தன்மை வந்துவிடும்.

படி 1: சின்ன இடமாக எடுங்கள்

"டெல்டா விவசாயம்" என்று எழுதப் போனால் ஊரார் எழுதியதுதான் வரும். உங்கள் ஊர் மதகு ஒன்றைப் பற்றி எழுதலாம். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குத் தண்டைக் கடைசல் பிடிக்கும் ஒரு பட்டறை, வேதாரண்யத்து உப்பளத்தில் ஒரு காலைப்பொழுது, கும்பகோணம் சந்தையில் வெற்றிலைக் கவுளி எண்ணும் ஒரு கை. ஒரே நாளில் முழுசாகப் பார்த்து முடிக்கக்கூடிய அளவு போதும்.

படி 2: அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள்

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். போனைப் பையில் வையுங்கள். படம் எடுத்ததுமே பார்த்து முடித்ததாக மனசு நினைத்துக்கொள்கிறது. பிறகு எடுத்துக்கொள்ளலாம், அதுவும் அங்கிருப்பவரிடம் கேட்டுவிட்டு.

கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, மூக்கில் ஏறியது எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே எழுதுங்கள். அழகு, அற்புதம், பரிதாபம் போன்ற சொற்களை நோட்டுக்குள் விடாதீர்கள். எத்தனை பேர், எத்தனை மூட்டை, எத்தனை மணி என்று எண்ணிக்கை எடுங்கள். புரியாததைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் பார்ப்பதைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள். இதற்குமேல் என்ன இருக்கிறது என்று கால் கிளம்பப் பார்க்கும். அதற்கப்புறம் கண்ணில் படுவதுதான் உங்களுக்கானது.

படி 3: வேலை செய்கிறவரின் சொல்லைக் கேட்டு வாங்குங்கள்

இதை நான் பெரிதும் நம்புகிறேன். குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று நெல் பருவங்களையும் "நெல் சாகுபடி" என்று ஒரே சொல்லில் அடக்கினால், குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது அதே நிலத்தில் போடுவதுதான் தாளடி என்ற செய்தி காணாமல் போய்விடுகிறது. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையைச் சிப்பம் என்கிறார்கள். மணி பிடிக்காமல் வெறும் உமியாக நின்றுபோன கதிரைச் சாவி என்பார்கள். "பாதிக்குப் பாதி சாவிங்க" என்று ஒருவர் சொல்லும்போது அந்த வருஷத்துக் கணக்கு மொத்தமும் அந்த மூன்று சொல்லில் இருக்கிறது. "மகசூல் பாதிக்கப்பட்டது" என்று எழுதினால் அவர் குரல் போய்விடும்.

சொல் தெரியவில்லை என்றால் கேட்க வெட்கப்படாதீர்கள். "இத நீங்க என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. செய்தும் காட்டுவார்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வட்டாரச் சொல்லை வரிக்கு நான்கு தூவினால் வாசகர் மூச்சு முட்டிப் போவார். பேசுகிறவர் வாயில் வட்டார வழக்கு இருக்கட்டும், நீங்கள் சொல்லிச் செல்லும் இடம் எல்லோருக்கும் பொதுவான தமிழில் இருக்கட்டும். புதுச் சொல் முதலில் வரும் இடத்தில், அதன் பொருள் அந்த வாக்கியத்திலேயே விளங்கும்படி பார்த்துக்கொண்டால் தனி விளக்கம் தேவைப்படாது.

படி 4: ஒரே ஒருவருக்கு எழுதுங்கள்

முதல் வரைவைத் திருத்தாமல், ஒரே மூச்சில், உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குக் கடிதம் போல எழுதுங்கள். துபாயிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் உங்கள் கூட்டாளி யாராவது இருப்பார். அவருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லுங்கள்.

படி 5: களை பறியுங்கள்

இனிமேல்தான் வேலையே. "இன்றைய அவசர உலகில்", "என்றால் அது மிகையாகாது", "ஒரு வரப்பிரசாதம்", "இந்நிலையில்", "என்பது குறிப்பிடத்தக்கது". குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிடுகிறோம்? இவற்றை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், ஒன்றும் குறையாது. சில பத்திகள் மொத்தமாகவே போய்விடும், போகட்டும்.

என் பழைய பத்தி ஒன்று:

"தமிழகத்தின் நெற்களஞ்சியமான டெல்டாவில் அறுவடை களைகட்டியுள்ளது. வியர்வையை நிலத்தில் சிந்தி விளைவித்த பொன்மணிகளைக் கண்டு உழவர் பெருமக்கள் பூரிப்படைந்துள்ளனர். எனினும் ஈரப்பதம் காரணமாக அவர்கள் சிரமங்களைச் சந்தித்து வருகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது."

தை கழிந்து நீடாமங்கலம் பக்கம் ஒரு சாலையோரம் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்து எழுதியது:

"தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் கிடக்கிறது, நீளம் அறுபது அடி. பனி இறங்கிய தார்ப்பாயை அப்போதுதான் உருவியிருக்கிறார்கள். ஓர் அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாதத்தைத் தூக்காமல் நெல்லுக்குள் இழுத்துக்கொண்டே நடக்கிறார். பின்னால் சால் சாலாகப் பிரிகிறது. ஒரு கோடி போய்த் திரும்புகிறார். பஸ் வந்தால் ஒதுங்குகிறார். போனதும், சக்கரம் இழுத்துப் போன மணிகளைக் கையால் கூட்டிச் சேர்க்கிறார். ஒரு நெல்லை எடுத்துக் கடிக்கிறார். 'இன்னும் டக்குங்கல.' கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 'காலையிலேருந்து நடந்துகிட்டேதான் இருக்கேன் தம்பி, இந்தப் புளிய மரத்தத் தாண்டல.'"

முதலாவதில் இருக்கும் "உழவர் பெருமக்கள்" யாரையும் நான் சந்தித்ததில்லை. இரண்டாவதில் ஒருவர் இருக்கிறார், ஒரு வேலை செய்கிறார். 17 சதவீதம் என்ற எண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அவர் கடித்துப் பார்த்த உடனே வருவதால், அவர் ஏன் அப்படி நடக்கிறார் என்பதற்கு அதுவே பதிலாகிவிடுகிறது. இதே எண் முதல் வரியில் வந்திருந்தால் வெறும் புள்ளிவிவரம். சிரமம் என்ற சொல் இரண்டாவதில் இல்லவே இல்லை. புளிய மரத்தைப் பற்றிய அந்த வரியை என்னால் கற்பனை செய்திருக்க முடியாது, போய் நின்றதால் கிடைத்தது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எழுதச் சொல்லிக் கேட்கும் பழக்கம் இப்போது வந்துவிட்டது. எழுத்துப்பிழை பார்க்க, சந்தேகம் கேட்க அவை உதவும். ஆனால் சாலையில் போய் நிற்க வேண்டியது நீங்கள். நிற்காமல் கேட்டால் என் முதல் பத்தி போன்ற ஒன்று கிடைக்க நிறைய வாய்ப்புண்டு.

படி 6: ஒவ்வொரு செய்தியையும் தட்டிப் பாருங்கள்

"ஆண்டுதோறும் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படுகிறது." சரியாகத்தான் தோன்றும். ஜூன் 12 வழக்கமான நாள்தான். ஆனால் 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். "ஆண்டுதோறும்" என்ற ஒரு சொல் வாக்கியத்தையே தப்பாக்கிவிட்டது. எப்போதும், எல்லோரும், முதன்முதலாக, உலகிலேயே என்ற சொற்கள் வந்தால் பேனாவை வைத்துவிட்டுத் தேடுங்கள்.

கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்று எழுதும்போதும், இன்று நாம் நடந்துபோகும் பாலமும் மதகுகளும் ஆங்கிலேயர் காலத்தில் சேர்ந்தவை என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். வாசகர் அங்கே போய் நிற்கும்போது உங்கள் வரியை நம்ப வேண்டும்.

ஆவணமும் நினைவும் முட்டிக்கொள்ளும் இடம் வரும். கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. எங்கள் பக்கத்தில் கேட்டால் "15ஆம் தேதி ராத்திரி" என்பார்கள். விடிய விடியத் தூங்காமல் தென்னை முறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரே ராத்திரிதான். தேதியை உங்கள் வரியில் சரியாகக் கொடுங்கள், ராத்திரியை அவர்கள் வாயிலேயே விடுங்கள். ஒன்றுக்காக மற்றதை அழிக்க வேண்டியதில்லை.

படி 7: செல்போன் திரைக்கு ஏற்ப வெட்டுங்கள்

தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. "சென்று, பார்த்து, கேட்டு, வியந்து" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், சின்னத் திரையில் படிப்பவர் வினை வருவதற்குள் எழுவாயை மறந்துவிடுவார். மூன்றாவது எச்சத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள். பத்திகள் சிறியதாக இருக்கட்டும். தலைப்பில் ஊர்ப் பெயரோ பொருளின் பெயரோ இருந்தால் தேடுகிறவர் கண்ணில் படும். "நீங்கள் அறியாத அதிர்ச்சித் தகவல்" வகைத் தலைப்பு வேண்டாம், ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வரமாட்டார்.

இதையெல்லாம் பழகினால் எழுத்து எந்திரத்தனமாகிவிடாதா என்று சிலர் தயங்குகிறார்கள். சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்கிறார்கள், வழிவழியாக வந்த கணக்கு அது. அந்த அளவில் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். அளவு எல்லோருக்கும் பொது, சிலை ஒவ்வொன்றும் வேறு.

பிறர் எழுத்தை நிறையப் படியுங்கள், எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். வரியை மட்டும் எடுக்காதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டும் அவர் எழுத்துக்குப் பாதுகாப்பு உண்டு. கருத்து யாருக்கும் சொந்தமில்லை, அதைச் சொன்ன விதம் அவருடையது. தேவைப்பட்டால் மேற்கோள் குறியிட்டு, பெயர் சொல்லி, ஓரிரு வரி எடுங்கள்.

படி 8: வாய்விட்டுப் படியுங்கள், பிறகு கட்டுரையில் வருகிறவருக்குப் படித்துக் காட்டுங்கள்

நாக்கு இடறும் இடத்தில் வாக்கியம் கோணலாக இருக்கும். ஒரு நாள் ஆறப்போட்டு, சத்தமாகப் படித்து, இடறிய இடங்களைத் திருத்துங்கள். ஒற்றுப்பிழை, ல ள ழ குழப்பம் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

வெளியிடுவதற்கு முன் நீங்கள் எழுதிய ஆளிடமே போங்கள். தன் பேச்சும் வேலையும் எப்படி வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னதை எடுத்துவிடுங்கள்.

மேலே உள்ள நெல் பத்தியில் நான் முதலில் எழுதியிருந்தது நாற்பது அடி. மறுவாரம் அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "நாப்பது இல்ல தம்பி, அறுபது இருக்கும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நடந்தவளுக்குத் தெரியாதா?"

அங்கேயே நின்று திருத்தினேன்.